அறக்கூற்று எவ்வகை வாக்கியம்?

'இலஞ்சம் வாங்குவது தவறு.' இதனை வகைப்படுத்தச் சொன்னால், மாணவர்கள் தயக்கமின்றிச் செய்தி வாக்கியம் என்பர். மெய்யியலார் அனைவரும் அதனை ஏற்பதில்லை.

ஆங்கிலேய மெய்யியலார் ஏ. ஜே. ஏயர் 1936இல் வெளியிட்ட நூலில், அறக்கூற்று செய்தி எதனையும் தெரிவிப்பதில்லை என்றும், பேசுவோரின் உணர்ச்சியையே வெளியிடுகிறது என்றும் வாதிட்டார். அவ்வாறாயின் மேற்கண்ட வாக்கியம் 'இலஞ்சமா, சீ!' என்பதற்கு ஒப்பாகும். 'சீ' என்பது மெய்யுமன்று, பொய்யுமன்று, அறக்கூற்றும் அத்தகையதே. மழை பெய்கிறதா என்பதைச் சன்னலைத் திறந்து பார்த்து அறியலாம். தவறு என்னும் பண்பைக் கண்ணால் காண இயலாது. இக்கொள்கை பலரைக் கவர்ந்ததற்கு இதுவே காரணம்.

பீட்டர் கீச் 1965இல் எழுதிய கட்டுரை இதற்குக் கடுமையான தடையொன்றை முன்வைத்தது. அதனைத் தமிழிலேயே சோதித்துப் பார்க்கலாம். 'இலஞ்சம் வாங்குவது தவறாயின், வாங்கத் தூண்டுவதும் தவறே.' இவ்வாறு கூறுபவர் இன்னும் எவரையும் கண்டிக்கவில்லை, வெறுப்பை வெளியிடவுமில்லை. எனினும் 'தவறு' என்னும் சொல் பொருள் தருகிறது. இதனுடன் முதல் வாக்கியத்தைச் சேர்த்தால், தூண்டுவதும் தவறு என்னும் முடிவு கிடைக்கிறது. அம்முடிவு பிறக்க, இரண்டு இடங்களிலும் 'தவறு' ஒரே பொருளில் வழங்க வேண்டும். 'தவறாயின்' என்பது வழக்கு. 'சீயாயின்' என்று எவரும் கூறுவதில்லை. 'சீ என்றால்' எனலாம். ஆனால் அங்கே நாம் ஒருவர் சொன்னதை எடுத்துரைக்கிறோமே தவிர, நாமே 'சீ' என்று வெறுப்பதில்லை.

ஏயர் வழியினர் இதற்கு விடை கூற முயன்று வருகின்றனர். மேலும், செய்தி வாக்கியம் என்பதனாலேயே ஒரு கூற்று மெய்யாகிவிடாது. ஜே. எல். மாக்கி 1977இல், அறக்கூற்றுகள் செய்தி கூறுவனவே. ஆயினும் அவை சுட்டும் புறநிலைப் பண்பு உலகில் இல்லாமையால் அவை பொய்யே என்றார். ஆகவே பொருள் என்ன என்பது ஒரு வினா. மெய்யா என்பது வேறொரு வினா. முதல் வினாவுக்கு இலக்கணம் துணைபுரியும். இரண்டாவதற்கு அது மட்டும் போதாது.

வகுப்பறையில், 'அது உங்கள் கருத்து, இது என் கருத்து' என்பதோடு அறம் பற்றிய உரையாடல் பலமுறை முடிந்துவிடுகிறது. 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்குப் பிடிக்காது' என இருவர் கூறினால் இரண்டும் மெய்யாகலாம். 'தவறு', 'தவறன்று' என்பன அவ்வாறு ஒருங்கே நில்லா. முரண்படுவோர் இருவரும் காரணம் காட்டக் கடமைப்பட்டவர்கள். ஆதலின் அவ்விடத்தில் ஆசிரியர் உரையாடலை முடித்துவிடாமல், 'ஏன்?' என்று வினவுதல் வேண்டும்.