முட்டை ஒவ்வாத குழந்தைக்கு முட்டையே மருந்தாகுமா?

புதுச்சேரியில் முட்டையின்றி ஒரு குழந்தையை வளர்ப்பது எளிதன்று. வீட்டுச் சமையலில் விலக்கிவிடலாம். ஆனால் பேக்கரிகளில் கேக், கேரமல் கஸ்டர்டு, மயோனைஸ், மேற்பரப்பு பளபளக்க முட்டை பூசிய பன் எனப் பல வடிவில் அது மறைந்திருக்கிறது. பிறந்தநாள் விழாவில் பிள்ளை ஏக்கத்துடன் ஒதுங்கி நிற்பதைக் காணும் வீட்டுப் பெரியவர்கள், “கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கினால் உடம்பு ஏற்றுக்கொள்ளும்” என்பார்கள்.

இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மறுபாதி உயிருக்கே ஆபத்தாகலாம்.

1908ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து மருத்துவர் ஆல்ஃபிரட் ஸ்கோஃபீல்டு, கடும் முட்டை ஒவ்வாமை கொண்ட 13 வயதுச் சிறுவனுக்கு மிக நுண்ணிய அளவில் முட்டையை மாத்திரையாகக் கொடுத்து, அளவை மெல்ல உயர்த்தி, அவனை முட்டை உண்ணச் செய்ததை ‘லான்செட்’ இதழில் பதிவு செய்தார். இன்று இம்முறை வாய்வழி நோயெதிர்ப்புச் சிகிச்சை எனப்படுகிறது. 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 5 முதல் 11 வயது வரையிலான 55 குழந்தைகள் பங்கேற்றனர். அவர்களுள் 40 பேருக்கு வெள்ளைக்கருத் தூள் அளிக்கப்பட்டது. 22 மாதங்களில் அந்த 40 பேரில் 30 பேர் சோதனையில் முட்டையைத் தாங்கினர். பின்பு இரண்டு மாதம் நிறுத்திவிட்டு மீண்டும் சோதித்தபோது, தேறியவர்கள் 11 பேரே.

பெற்றோர் இந்த 11 என்னும் எண்ணை மறக்கலாகாது. மற்றவர்களுக்கு ஒவ்வாமை அடியோடு நீங்கவில்லை. தாங்கும் எல்லைதான், நாள்தோறும் உண்ணும் வரையில், உயர்ந்திருந்தது. எனினும் தவறுதலாக ஒரு வாய் கேக் உள்ளே போனால் உயிர் பதறத் தேவையில்லை என்பதே பல தாய்மார்க்குப் பெரும் நிம்மதி.

இச்சிகிச்சை மில்லிகிராம் கணக்கில் தொடங்குகிறது. முதல் அளவும் ஒவ்வோர் உயர்வும் மருத்துவமனையில், அட்ரினலின் ஊசி அருகிலிருக்கத் தரப்படும். இடைப்பட்ட நாள்களில் அதே அளவு வீட்டில் தொடரும். நேற்றுத் தாங்கிய அளவை, காய்ச்சலிலோ, வெறும் வயிற்றிலோ, ஓடி விளையாடிய உடனேயோ உடல் தாங்காமல் போகலாம். வீட்டுக் கரண்டியின் ‘கொஞ்சம்’ இவற்றையெல்லாம் அறியாது. மேலும், நன்கு வெந்த கேக்கிலுள்ள முட்டையும் ஆஃப்பாயிலும் ஒன்றல்ல. வெப்பம் முட்டைப் புரதங்கள் சிலவற்றின் வீரியத்தைக் குறைக்கும், ஓவோமியூகாய்டு என்ற புரதத்தை எளிதில் அசைக்காது. ஆகவே கேக்கைத் தாங்கும் பிள்ளைகள் பலர் ஆம்லெட்டைத் தாங்குவதில்லை. உங்கள் பிள்ளை எவ்வகை என்பதையும் மருத்துவமனையில்தான் சோதித்தறிய வேண்டும்.

எல்லாருக்கும் இச்சிகிச்சை தேவையில்லை. பல குழந்தைகளுக்கு வளர வளர முட்டை ஒவ்வாமை தானே அகன்றுவிடுகிறது. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாத பிள்ளைக்கு இதைத் தொடங்குவதில்லை. வாய் அரிப்பும் வயிற்றுவலியும் சிகிச்சையில் அடிக்கடி வருபவை. இத்தனை நாள் ‘தொடாதே’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, முட்டை வாடைக்கே முகம் சுளிப்பதும் உண்டு. அதற்குத் திட்ட வேண்டாம்.

மூச்சுத் திணறல், குரல் கம்முதல், தொடர் வாந்தி, மயக்கம் தோன்றினால் ஒவ்வாமைச் சிரப்பைக் கொடுத்துக் காத்திராதீர்கள். மருத்துவர் கற்பித்தபடி வெளித்தொடையில் அட்ரினலின் செலுத்தி, குழந்தையைப் படுக்கவைத்து, 108ஐ அழையுங்கள். மூச்சு வாங்கினால் மட்டும் சாய்த்து அமர்த்தலாம்.

பலர் கேட்கும் ஐயம் ஒன்று: முட்டை ஒவ்வாமைக்காகத் தட்டம்மைத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.