கணிப்பொறிக்குள் ஒரு மண்டபம்

வெள்ளையடிப்பதற்காகச் சாமான்களையெல்லாம் வெளியேற்றிய அறையில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். 'டப்' என்று முடியவேண்டிய ஒலி சற்றே இழுத்துக்கொண்டு அடங்கும். சுவர்களும் கூரையும் தரையும் ஒலியை மாற்றி மாற்றித் திருப்பி அனுப்புவதன் விளைவு இது. எதிரொலிகள் தனித்தனியே கேளாமல் ஒன்றோடொன்று இழைந்துவிடுவதால் இதனை எதிர்முழக்கம் என்கிறோம்.

ஒலிப்பதிவுக் கூடங்களில் சுவர்களை ஒலி உறிஞ்சும் பொருள்களால் மூடியிருப்பார்கள். அங்கே பதிவாகும் குரல் வறண்டிருக்கும். அதற்கு ஒரு மண்டபத்தின் முழக்கத்தைச் சேர்ப்பது இன்று கணிப்பொறியின் வேலை. 'ரிவெர்ப் பிளக்-இன்' என்னும் துணை நிரல் இதைச் செய்கிறது. எப்படி?

நேர்வழி ஒன்று உண்டு. மண்டபத்தில் ஒரு பலூனை உடைத்து, அதன் முழக்கத்தைப் பதிவு செய்துகொள்கிறோம். குரலின் ஒவ்வொரு துணுக்கும் ஒரு சிறு வெடிப்பு எனக் கொண்டால், ஒவ்வொன்றுக்கும் அதே முழக்கம் அதன் அளவுக்கேற்பப் பெருத்தோ சிறுத்தோ எழவேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் மண்டபத்தில் பாடியது போலவே கேட்கும். கணக்குப் போடுவோமா? குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிவாகிறது. முழக்கம் 2 நொடி நீடித்தால் 88,200 மாதிரிகள். வெளிவரும் ஒவ்வொரு மாதிரிக்கும் 88,200 பெருக்கல்கள். ஆக, நொடிக்கு ஏறத்தாழ 389 கோடி! அதுவும் ஒரே குரலுக்கு, ஒரே ஒலிபெருக்கிக்கு.

இதில் நேரமும் தவறக்கூடாது. செயலி ஒலியை 256 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டு ஒலிக்கும் நேரம் சுமார் 5.8 மில்லிநொடி. அதற்குள் அடுத்த கட்டு தயாராகாவிட்டால் 'டிக்' என்று பாட்டு அறுந்துபோகும். தம் குரலைக் காதுக்கருவியில் கேட்டபடி பாடுபவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

இன்றைய கணிப்பொறிகள் வருவதற்கு வெகு முன்பே, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த மான்ஃபிரெட் ஷ்ரோடர் 1962-இல் ஒரு குறுக்குவழி காட்டினார். மண்டபத்தைப் படியெடுப்பானேன்? காதுக்கு வேண்டியதை மட்டும் கொடுத்தால் போதாதா? நொடிக்குச் சுமார் 1000 எதிரொலிகள் இருந்தால் காது அவற்றைப் பிரித்தறியாது என்பது அவர் கணிப்பு. ஒலியை 40 மில்லிநொடி தாமதித்து, சற்றுக் குறைத்து, மறுபடி அதே சுற்றில் விட்டால் நொடிக்கு 25 எதிரொலிகள் பிறக்கும். செலவு ஒரே ஒரு பெருக்கல். இத்தகைய நான்கு சுற்றுகளை அருகருகே வைத்தால் 100. பின்னர், எல்லா அதிர்வெண்களையும் ஒரே வலிமையுடன் கடத்தும் இரு வடிப்பான்கள் வழியே அனுப்பினால் அது பத்து மடங்காகிறது. மாதிரிக்கு மொத்தம் எட்டுப் பெருக்கல்கள், நொடிக்கு மூன்றரை லட்சம் சொச்சம். 389 கோடி எங்கே, இது எங்கே!

ஆனால் இந்தச் சிக்கனத்துக்கும் விலை உண்டு. 40 மில்லிநொடிச் சுற்று 25-இன் மடங்கான அதிர்வெண்களை மட்டும் தூக்கிக் காட்டும். வரைபடத்தில் அவை சீப்பின் பற்கள்போல் தெரிவதால் இதற்குச் சீப்பு வடிப்பான் என்றே பெயர். விளைவு, தகர டப்பாவுக்குள் பாடியது போன்ற ஓசை. குழலிசையில் இது அவ்வளவாகத் தெரியாது. முரசை ஒருமுறை தட்டினால் அம்பலமாகிவிடும்! சீப்புகளைக் கூட்டினால் குறை தணியும், சுமை ஏறும். 1979-இல் ஜேம்ஸ் மூரர் வேறு வழி சொன்னார். உயர் அதிர்வெண்களைக் காற்று விரைவில் விழுங்கிவிடுகிறது அல்லவா? அதையே செய்யும் ஒரு சிறு வடிப்பானை ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் வைத்தார். கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல சரக்கு இத்துறையில் குறைவு என்பேன்.

நேர்வழியும் கைவிடப்படவில்லை. 1965-இல் கூலியும் டூக்கியும் வெளியிட்ட விரைவு ஃபூரியர் முறையால் பெருக்கல்கள் வெகுவாகக் குறைந்தன. ஆனால் ஒரு பெரிய கட்டு சேரும்வரை காத்திருக்க வேண்டும். முழக்கத்தின் தொடக்கத்தைச் சிறு துண்டுகளாகவும், போகப்போகப் பெரிய துண்டுகளாகவும் வெட்டி, அந்தத் தாமதத்தை வில்லியம் கார்ட்னர் 1995-இல் ஒழித்தார்.

உங்களுக்கு ஒரு கணக்கு. இரு சுற்றுகளின் தாமதங்கள் 30, 45 மில்லிநொடி என்றால், அவற்றின் எதிரொலிகள் 90 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வீணாகும். 29, 43 என்று வைத்தால்? மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடியுங்கள்.