பெல்பாட்டமும் சீருடையும்



நான் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆழ்வார்திருநகரியில் பயின்ற 1975–76ஆம் கல்வியாண்டில், பாதத்தை மூடி விரியும் ‘பெல்பாட்டம்’ கால்சட்டையே மாணவரின் மோகம். சீருடை கட்டாயமாகாத பள்ளி எங்களுடையது. ஜூன் 25இல் நாட்டில் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. நாங்களோ தையற்காரரிடம் கால்சட்டையின் அகலத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தோம்.

அக்டோபர் 2இல் காமராசர் மறைந்தார். பள்ளி மீண்டும் திறந்ததும், அவர் முதலமைச்சராயிருந்த 1954–63 காலத்தில் மதிய உணவும் சீருடையும் பள்ளிகளில் பரவிய வரலாற்றை ஆசிரியர் விளக்கினார். “சீருடையின் நோக்கம் ஒழுங்கு மட்டுமன்று, செல்வர் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் வேற்றுமையின்றி ஒரே பலகையில் அமர்வதே” என்றார். என்னருகில் அமர்ந்திருந்த நண்பனின் ஒட்டுப்போட்ட சட்டையை அன்றுதான் கண்டேன்.

உடையின் பாங்கு ஆண்டுதோறும் மாறும், அதில் தவறில்லை. ஆனால், உங்கள் உடை அடுத்திருப்பவரை நாணச் செய்யாதிருக்கட்டும்.