பீப் சத்தத்துக்கு ஏன் குழந்தை முகம்?

ஒரகடத்துல ஒரு ஷாப் ஃப்ளோர்ல நின்னப்போ வந்த சந்தேகம்தான் இன்னைக்கு எபிசோட். டிரைவர் இல்லாம பாகங்களை ஏத்திக்கிட்டுப் போற ஏஜிவி வண்டி, வழி விடச் சொல்லி ஒரு குட்டி ட்யூன் வாசிச்சுக்கிட்டே வரும். அவ்வளவு கனமான மெஷின், ஆனா சத்தம் என்னவோ பொம்மை கார் மாதிரி. எல்லாரும் சிரிச்சுக்கிட்டே ஒதுங்குறாங்க. ஏன்?

வயலின்ல ஒரு ஸ்வரம் மெதுவா பிறந்து, கொஞ்சம் நடுங்கி, அடங்கும். பொம்மைக்குள்ள இருக்கிற சிப்புக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது. கரண்டை ஆன், ஆஃப், ஆன், ஆஃப்னு மாத்தும், அவ்வளவுதான். இதுக்குப் பேர் ஸ்கொயர் வேவ். அடிப்படை அதிர்வெண்ணோட 3, 5, 7 மடங்குன்னு ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே அதுல இருக்கும். அதனாலதான் அந்த உள்ளீடற்ற, மூக்கடைச்ச சத்தம். பாட்டுப் பாடுற வாழ்த்து அட்டையைப் பிரிச்சுப் பார்த்தவங்களுக்கு யூஎம்66 தெரிஞ்சிருக்கும்: மூணு கால், பார்க்க டிரான்சிஸ்டர் மாதிரி, உள்ளே ஒரே ஒரு மெட்டு. நம்ம தலைமுறையில நிறைய பேர் கையில வாங்கின முதல் 'வாத்தியம்' அதுதான். என் கணிப்பு, அந்தச் சத்தத்துல இயற்கையாவே குழந்தைத்தனம் எதுவும் இல்லை. விலை மலிவா இருந்ததால அது பொம்மைக்குள்ள போச்சு, பொம்மை வழியா நமக்குள்ள வந்துடுச்சு.

ஆனா பொம்மை சிப் வர்றதுக்கு முன்னாடியே, 1960கள்ல, ரேமண்ட் ஸ்காட்னு ஒரு அமெரிக்கர் கைக்குழந்தைகளுக்காகவே மூணு எலக்ட்ரானிக் இசைத்தட்டு போட்டார். ஒண்ணு முதல் ஆறு மாசக் குழந்தைக்கு, அடுத்தது ஒரு வயசு வரைக்கும், கடைசி ஒன்றரை வயசு வரைக்கும். அழகாத்தான் இருக்கும், ஆனா அரை மணி நேரம் கேட்டா பெரியவங்களுக்குத் தலை சுத்தும்.

நம்ம ஊர்ல இதுக்கு என் பதில் 'அஞ்சலி'. 1990, மணிரத்னம் படம், இளையராஜாவோட 500வது படம். முழுக்க எலக்ட்ரானிக் ஆல்பம்னு சொல்ல மாட்டேன், வயலின் கூட்டமும் இருக்கு. ஆனா சின்தசைசர் அதுல விளையாட்டுச் சாமான் மாதிரி புழங்குது. குழந்தைங்க விண்வெளிக்குப் போற கற்பனை எல்லாம் வர்ற படம், வேற எந்தச் சத்தம் பொருந்தும்?

விஷயம் அது மட்டும் இல்லை. மெஷின் தாளம் மில்லிசெகண்ட் தப்பாது. அதுக்கு மேல பாடுற பசங்க தப்புவாங்க. ஒருத்தர் கொஞ்சம் முந்துவார், ஒருத்தர் இழுப்பார், ஒருத்தர் பாட்டை மறந்து கத்துவார். பக்கத்துலயே துல்லியம் இருக்கிறதாலதான் அந்தக் குளறுபடி அவ்வளவு உயிரோட கேக்குது. இன்னைக்கு மென்பொருள்ல ஒரு பட்டனைத் தட்டினா எல்லாக் குரலும் கட்டத்துக்குள்ள வந்து உட்கார்ந்துடும். தயவுசெஞ்சு யாரும் தட்டிடாதீங்க.

அந்தக் கோரஸ்ல பாடினவங்க வீட்டுப் பிள்ளைங்க: கார்த்திக் ராஜா, யுவன், பவதாரிணி, கூடவே கங்கை அமரனோட மகன்கள் வெங்கட் பிரபு, பிரேம்ஜி. யுவனுக்கு அப்போ பத்து வயசுதான். பவதாரிணி 2024 ஜனவரி 25ஆம் தேதி, 47 வயசுல இறந்துட்டாங்க. அதுக்கப்புறம் ஹெட்போன் போட்டு 'மொட்டை மாடி' கேட்டேன். எது யார் குரல்னு பிரிக்க முடியாத மாதிரி எல்லாம் ஒண்ணா, மூச்சு வாங்க, கத்திக்கிட்டு இருக்கு.