சொற்களுக்குள் உறவு: அளந்து காண்பது எவ்வாறு?

மக்களுக்குள் உறவு இருப்பது போலச் சொற்களுக்குள்ளும் உறவு உண்டு. 'கரும்பு' என்றவுடன் 'வெல்லம்' நம் நினைவுக்கு வருகிறது, 'கரண்டி' வருவதில்லை. மொழியோடு வளர்ந்தவர்களாதலின், இதனை நாம் ஒருவரும் கற்பிக்காமலே அறிகிறோம். மொழி அறியாத கணிப்பொறிக்கு இதனை உணர்த்துவது எங்ஙனம்?

இஃது அறிஞர்க்கு மட்டும் உரிய வினா அன்று. இன்று ஒரு படத்தொகுப்பிலோ நூற்பட்டியலிலோ நாம் ஒரு சொல்லைத் தேடினால், அதற்கு நெருங்கிய பிற சொற்களையும் கணிப்பொறி சேர்த்துத் தேடித் தருகிறது. நெருங்கியது எது என்பதை அஃது ஓர் எண்ணைக் கொண்டு முடிவு செய்கிறது. அயல் மாநிலங்களில் வளரும் நம் பிள்ளைகள் தமிழைத் தேடும் வழிகளுள் இதுவும் ஒன்றாகிவிட்டமையால், அந்த எண் பிறக்கும் வகையை நாம் அறிந்திருத்தல் நலம்.

பொருள் நோக்கிச் சொற்களைத் தொகுப்பது தமிழர்க்குப் புதிதன்று. சேந்தன் திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர் என்று சொற்கள் அதில் இனம் இனமாக அமைந்துள்ளன. ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவதற்கென்றே பதினோராம் தொகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. ஆங்கிலத்தில் ரோஜெட் என்பார் 1852-இல் வெளியிட்ட சொற்களஞ்சியமும் பொருள்வழி அமைந்ததே. இத்தகைய நூல்களில் உறவை முடிவு செய்தவர் புலவர். இரு சொற்கள் ஓரினமா என்பதை அவை காட்டும்; எவ்வளவு நெருக்கம் என்பதைக் காட்டமாட்டா.

நெருக்கத்தை எண்ணிக் காண்பதற்கு வழி திறந்த கருத்து 1950-களில் வலுப்பெற்றது. ஒத்த சூழல்களில் வரும் சொற்கள் பொருளிலும் ஒத்திருக்கும் என்பதை அமெரிக்க மொழியியலறிஞர் செல்லிக் ஹாரிஸ் 1954-இல் விளக்கினார். ஒரு சொல்லை அதன் கூட்டாளிச் சொற்களைக் கொண்டு அறியலாம் என்று ஆங்கிலேய அறிஞர் ஜே. ஆர். ஃபர்த் 1957-இல் எழுதினார். இந்த ஃபர்த் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். 1920-களில் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். 1934-இல் தமிழ் ஒலிப்பு முறையைப் பற்றியும் சுருக்கமாக எழுதியவர்.

கூட்டாளிகளை எண்ணும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரு தமிழ்ச் சங்கத்தின் படத்தொகுப்பில், படம் ஒவ்வொன்றுக்கும் அன்பர்கள் சில குறிச்சொற்களை எழுதியுள்ளனர் என்று கொள்வோம். 'பொங்கல்' 20 படங்களில் உள்ளது. 'கோலம்' 15 படங்களில் உள்ளது. இரண்டும் சேர்ந்திருப்பன 10. ஆகவே, இரண்டில் ஒன்றேனும் உள்ள படங்கள் 25. பத்தை இருபத்தைந்தால் வகுத்தால் 0.4. இதுவே அவ்விரு குறிச்சொற்களின் நெருக்கம். இம்முறைக்கு ஜக்கார் அளவு என்று பெயர். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த தாவரவியலறிஞர் பால் ஜக்கார், இருவேறு மலைப்பகுதிகளின் செடிகொடிகள் எவ்வளவு ஒத்துள்ளன என்று காண்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த கணக்கு அது.

இனி, 'சங்கராந்தி' என்னும் குறிச்சொல் 6 படங்களில் இருப்பதாகவும், அவற்றுள் ஒன்றில் மட்டுமே 'பொங்கல்' சேர்ந்திருப்பதாகவும் கொள்வோம். இங்கும் மொத்தம் 25 படங்களே. நெருக்கமோ 1/25, அதாவது 0.04. பொங்கலுக்குக் கோலம் நெருங்கிய உறவு, சங்கராந்தி ஏறத்தாழ அயல் என்று இக்கணக்குக் கூறுகிறது! காரணம் எளிது. பொங்கல் என்று எழுதுபவர் சங்கராந்தி என்று எழுதுவதில்லை. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டியதில்லை என்று விட்டுவிடுகிறார். உடன் வருவதும் பொருள் ஒத்திருப்பதும் வேறு வேறு என்பது இதனால் விளங்கும்.

இதற்கு மற்றொரு முறை உண்டு. இரு சொற்களும் சேர்ந்து வருகின்றனவா என்று பாராமல், அவற்றின் கூட்டாளிகள் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது அது. 'கரும்பு', 'சூரியன்', 'பட்டம்' ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்வோம். பொங்கலோடு இவை முறையே 4, 3, 0 படங்களில் வருகின்றன. சங்கராந்தியோடு 2, 2, 1 படங்களில் வருகின்றன. நேர்நேராகப் பெருக்கிக் கூட்டினால் 8, 6, 0 ஆக 14. முதல் வரிசை எண்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 5. இரண்டாம் வரிசைக்கு 3. இவற்றின் பெருக்கற்பலன் 15. பதினான்கைப் பதினைந்தால் வகுத்தால் ஏறத்தாழ 0.93. முழு ஒற்றுமைக்கு 1 என்பதே அளவாதலின், இவை நெருங்கிய உறவு என்று இப்போது புலனாகிறது. இதனைக் கோசைன் அளவு என்பர்.

எண்ணுவதிலும் ஏற்றத்தாழ்வு வேண்டும். எல்லாப் படங்களிலும் 'சங்கம்' என்று எழுதிவிட்டால், அக்குறிச்சொல் எதையும் பிரித்துக் காட்டாது. எங்கும் காணப்படும் சொல்லுக்கு மதிப்பைக் குறைத்து, அரிதாக வருவதற்கு மதிப்பைக் கூட்டும் முறையைக் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் அம்மையார் 1972-இல் வகுத்தளித்தார்.

அளவுகோல் சரியா என்பதை உரைத்துப் பார்ப்பது எதனால்? மனிதர் கருத்தினால்தான். ரூபன்ஸ்டைன், குடினஃப் என்னும் இருவர் 1965-இல் 65 இணை ஆங்கிலப் பெயர்ச்சொற்களைப் பலரிடம் கொடுத்து, பொருள் ஒற்றுமைக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் இடச் செய்தனர். கணிப்பொறியின் எண் அம்மதிப்பெண்ணோடு ஒத்துச் செல்கிறதா என்பதே தேர்வு. உடன் வருவதையும் பொருள் ஒத்திருப்பதையும் பிரித்துச் சோதிப்பதற்கென 999 இணைச் சொற்களைக் கொண்ட வேறொரு பட்டியல் 2015-இல் வெளிவந்தது.

இவ்வளவு இருந்தும் இடர்ப்பாடுகள் தீர்ந்தபாடில்லை. 'வெப்பம்', 'குளிர்' இரண்டும் ஒரே வகைத் தொடர்களில் வருவதால், எதிர்ச்சொற்களைக் கணக்கு உறவாகக் காட்டும். 'மாலை' என்பது பொழுதா, பூந்தொடையா? 'திங்கள்' என்பது நிலவா, மாதமா, கிழமையா? ஒரு சொல்லுக்கு ஒரே வரிசை எண்களை வைக்கும் முறையில் இவை ஒன்றோடொன்று கலந்துவிடும். திவாகரம் தனித் தொகுதி அமைத்துத் தீர்த்த சிக்கல் இது. 2018-க்குப் பின் பரவிய முறைகள், தொடருக்குத் தொடர் வெவ்வேறு எண்களைத் தந்து இதனை ஓரளவு தீர்க்கின்றன. தமிழுக்கு இன்னொரு தடையும் உண்டு. வீட்டில், வீட்டுக்கு, வீட்டை என்று வேற்றுமை ஏற்று ஒரு சொல்லே பலவாகப் பிரிவதால், ஒவ்வொரு வடிவத்துக்கும் கிடைக்கும் எண்ணிக்கை மெலிந்துபோகிறது.

இவை அனைத்திற்கும் அடிப்படையான உண்மை ஒன்று உண்டு. அளவுகோல் அளப்பது, மக்கள் எழுதி வைத்ததை மட்டுமே. எழுதப்படாத சொல்லுக்குக் கூட்டாளி இல்லை. கூட்டாளி இல்லாத சொல்லுக்கு எண் இல்லை. எண் இல்லாதது தேடுவோர் கண்ணில் படுவதில்லை. நாகபுரியில் வளரும் ஒரு சிறுமி, பள்ளித் தோழியர் சொல்லும் 'சங்கராந்தி'யைத் தேடுகிறாள் என்று கொள்வோம். அவளுடைய பாட்டியார் வைத்த பொங்கற்பானையின் படம் அவளுக்குக் கிட்டுமா? அதன் அடியில் நாம் எழுதிய சொற்களைப் பொறுத்தது அது.

ஆதலின் அன்பர்கள் சிலவற்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். 'பழைய படம்', 'விழா' என்று பொதுப்படக் குறித்து அமையாது, இன்ன விழா, இன்ன ஊர், இன்ன ஆண்டு என்று குறிப்போமாக. பொங்கல் என்று எழுதுமிடத்தில் சங்கராந்தி என்றும் சேர்த்து எழுதினால், இரு சொல்லும் உறவாகும். பல பொருள் குறிக்கும் சொல்லோடு, பொருளைத் தெளிவிக்கும் துணைச்சொல் ஒன்றையும் தருவோமாக. அனைத்திற்கும் மேலாக, வீட்டில் முதியோர் வழங்கும் சொற்களைத் தனிச்சொல்லாக விடாமல், முழுத் தொடர்களாக எழுதி வைப்போமாக. சொல்லுக்குக் கூட்டாளிகளைத் தேடித் தருவது கணிப்பொறியின் பணி அன்று. அம்மொழியைப் பேசுவோர் பணி.