வயருக்குப் பிளாஸ்திரி ஒட்டலாமா?

அயர்ன் பாக்ஸ் வயர் பிய்ந்துவிட்டால் நம் வீடுகளில் ஆளுக்கொரு கைவைத்தியம் தயாராக இருக்கும். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நம்மோடு சேர்ந்து சிரிக்காது.

"செலோடேப் சுற்றினால் சரியாகிவிடும்"
செலோடேப் பார்சல் ஒட்டுவதற்கு. சூடு பட்டால் அதன் பசை இளகிவிடும். காயத்துக்கு ஒட்டும் துணிப் பிளாஸ்திரி ஈரத்தை உறிஞ்சும். ஈரம் மின்சாரத்தைக் கடத்தும். வயர் அடிக்கடி மடங்கும் இடத்தில், உள்ளே செம்பு இழைகளும் அறுந்திருக்கும். மேலே டேப் சுற்றினால் அவை ஒட்டாது. மிச்சமிருக்கும் இழைகள் சூடேறும். முழு வயரையும் மாற்றுவதே முறை.

"பெரிய பின் சும்மா அழகுக்கு"
அதுதான் எர்த். பழுதாகி, கரண்ட் உலோகப் பகுதியில் பாய்ந்தால், அதைத் தரைக்குக் கொண்டுபோய் ஃபியூஸைப் போக வைப்பது அதுவே. அதை வெட்டிவிட்டாலோ, மலிவு என்று இரண்டு கம்பி வயர் போட்டாலோ, கரண்ட் தொடுபவர் உடம்பு வழியாகத் தரைக்குப் போகும்.

"ரப்பர் செருப்பு போட்டிருக்கிறேன், ஷாக் அடிக்காது"
ஒரு கை பிய்ந்த வயரிலும் மறு கை தண்ணீர்க் குழாயிலும் இருந்தால், கரண்ட் நெஞ்சு வழியாகப் பாயும். காலில் என்ன இருக்கிறது என்று அது பார்க்காது.

"சுவிட்சை அணைத்தாயிற்று, இனி பயமில்லை"
வயரிங்கில் கம்பி மாறியிருந்தால், சுவிட்ச் அணைந்த பிறகும் வயரில் கரண்ட் இருக்கும். பிளக்கைப் பிடித்து வெளியே எடுங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

"எந்த வயரும் வயர்தான்"
1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஸ்பீக்கருக்குப் போடும் ஒல்லி வயர் அதைத் தாங்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள மூன்று கம்பி வயரைக் கேளுங்கள். அயர்ன் பாக்ஸுக்கு மேலே துணி பின்னிய வயரே நல்லது. சூடான தகடு பட்டாலும் பிளாஸ்டிக் போல உடனே உருகாது.

வயர் சூடானாலோ, கருகல் வாடை வந்தாலோ உடனே நிறுத்தி, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு 108-ஐ அழையுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் உள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இன்றே காட்டி வையுங்கள்.