பெயர் யாருக்குச் சொந்தம்? தொழில் தொடங்குவோருக்குப் பாடம் சொல்லும் மூன்று வழக்குகள்

புது தில்லி: கோலார் தங்கவயலில் "மைசூர் மைன்ஸ்" என்றொரு பகுதி உள்ளது. மைசூர் நகரத்துக்கும் அதற்கும் நெடுந்தொலைவு. அன்றைய மைசூர் சமஸ்தானத்தில் தங்கம் தோண்ட 1880-ல் தொடங்கப்பட்ட மைசூர் கோல்டு மைனிங் கம்பெனியின் பெயரே அந்தப் பகுதிக்கு நிலைத்துவிட்டது. சாம்பியன் ரீஃப், நந்திதுர்க் ஆகிய பெயர்களைத் தாங்கியவையும் சுரங்க நிறுவனங்களே.

அந்த நிறுவனங்கள் மறைந்துவிட்டன. அவற்றின் வழியில் வந்த பொதுத்துறை நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸின் சுரங்கங்களும் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டன. பெயர்கள் மட்டும் ஊர் மக்களுக்கு மிச்சமாயின.

சுரங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று மாரிக்குப்பத்தில் ரயிலேறி, வேலைக்காகப் பெங்களூர் சென்று திரும்புகின்றனர். அவர்களுள் ஒருவர் சொந்தமாகக் கணினி நிறுவனமோ செல்பேசிச் செயலியோ தொடங்க முனைந்தால், முதலில் எழும் கேள்வி: என்ன பெயர் வைப்பது? எளிதாகத் தோன்றும் இக்கேள்வி நீதிமன்றம் வரை இழுத்துச் செல்லக்கூடியது. தலைநகர் தில்லியில் தீர்ப்பும் உத்தரவும் கண்ட மூன்று வழக்குகள் இதை உணர்த்துகின்றன.

ஓர் எழுத்து கூடினாலும்...

முதல் வழக்கு சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே நடந்தது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனம், தன் பெயரின் எழுத்துகளைக் கோத்து "சிஃபி" என்ற சொல்லை உருவாக்கியது. அச்சொல்லைக் கொண்ட இணைய முகவரிகளை 1999-ல் பதிவு செய்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது.

2001-ல் மற்றொரு நிறுவனம் "சிஃப்பிநெட்" என்ற முகவரியைப் பதிவு செய்தது. ஆங்கிலத்தில் ஓர் "எஃப்" மட்டுமே கூடுதல். நிறுவனர்கள் ஐவரின் பெயர்களில் உள்ள முதல் எழுத்துகளைச் சேர்த்ததால் இப்பெயர் அமைந்தது என்று அது விளக்கம் அளித்தது.

பெங்களூர் நகர சிவில் நீதிமன்றம் அப்பெயருக்கு இடைக்காலத் தடை விதித்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றமோ 2004 மே 6-ல் சத்யம் இன்ஃபோவேக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. ஐவர் பெயர் பற்றிய விளக்கத்தை அது ஏற்கவில்லை.

இணைய முகவரிகளுக்கென்று நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஆயினும், தன் சரக்கைப் பிறர் சரக்கெனக் காட்டி விற்பதைத் தடுக்கும் பழைய சட்டநெறி இணைய முகவரிக்கும் பொருந்தும் என்பதே அத்தீர்ப்பின் சாரம். யாஹூ நிறுவனம் தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 1999-லேயே காட்டிய வழியை உச்ச நீதிமன்றம் இதன்மூலம் உறுதி செய்தது.

பெரியவர் தோற்ற வழக்கு

பெரிய நிறுவனமே எப்போதும் வெல்லும் என்று எண்ணிவிடலாகாது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் மின்கலமும் பெட்ரோலும் சேர்ந்து இயக்கும் "பிரியஸ்" காரை 1997-ல் அறிமுகப்படுத்தியது. இந்தியாவில் வாகன உதிரி பாகம் தயாரிக்கும் ஒரு நிறுவனம் அதே பெயரைப் பயன்படுத்தி, 2002-ல் பதிவும் பெற்றிருந்தது. டொயோட்டா 2009-ல் வழக்குத் தொடுத்தது.

2017 டிசம்பர் 14-ல் உச்ச நீதிமன்றம் இந்திய நிறுவனத்தின் பக்கம் நின்றது. உலகப் புகழ் மட்டும் போதாது. அந்நிறுவனம் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய 2001-ல் இந்திய மக்களிடம் பிரியஸ் நற்பெயர் பெற்றிருந்ததற்குச் சான்று வேண்டும். அச்சான்று இல்லை என்றது நீதிமன்றம்.

பொதுச்சொல் தனிச்சொத்தாகுமா?

மூன்றாவது, பணப் பரிமாற்றச் செயலிகளான ஃபோன்பே, பாரத்பே நிறுவனங்களிடையே மூண்ட வழக்கு. "பே" என்ற முடிவுக்கு உரிமை கோரியது ஃபோன்பே. பணம் செலுத்துதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியே அது. முழுப் பெயரின் ஒரு பகுதிக்கு மட்டும் தனியுரிமை கோர இயலாது எனக் கூறி, தில்லி உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது. 2024 மே மாதத்தில் இரு நிறுவனங்களும் சமரசம் செய்துகொண்டன.

செய்ய வேண்டியது என்ன?

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பெயரின் உரிமை பணபலத்தால் வருவதன்று; யார் முதலில் பயன்படுத்தி, வாடிக்கையாளரின் நம்பிக்கையை ஈட்டினார் என்பதைப் பொறுத்தது. பதிவுச் சான்றிதழ் பெற்றவரும்கூட, அவருக்கு முன்பிருந்தே அப்பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வருபவரைத் தடுக்க முடியாது என்கிறது 1999-ம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டம்.

எனவே பெயர்ப் பலகை எழுதும் முன்பே, வணிக முத்திரைப் பதிவகத்தின் இணையதளத்தில் அதே பெயரும் அதே ஒலியுடைய பெயரும் உள்ளனவா என்று தேடுவது நலம். பொருள்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. மென்பொருள் 9-ம் வகுப்பிலும், மென்பொருள் சேவை 42-ம் வகுப்பிலும் அடங்கும். தனிநபர்களும் சிறு நிறுவனங்களும் புத்தொழில் நிறுவனங்களும் இணையவழியில் விண்ணப்பிக்க வகுப்பு ஒன்றுக்கு ரூ. 4,500 கட்டணம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். பின்னர் புதுப்பித்துக் கொள்ளலாம். கர்நாடக மாநிலமும் சென்னைப் பதிவகத்தின் எல்லைக்குள் வருவதால், தங்கவயல்காரரின் விண்ணப்பம் சென்னைக்கே செல்லும்.

முதல் விலைச்சீட்டு, முதல் விளம்பரம், இணைய முகவரி வாங்கிய ரசீது ஆகியவற்றைப் பத்திரப்படுத்துவதும் அவசியம். வழக்கு என்று வந்தால், யார் முந்தியவர் என்பதற்கு அவையே சாட்சி.

பொருளின் பிறப்பிடத்தை மட்டுமே சுட்டும் ஊர்ப்பெயரைப் பொதுவாக எவரும் தனக்கென்று பதிவு செய்துகொள்ள முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. நிறுவனம் விட்டுச்சென்ற "மைசூர் மைன்ஸ்" இன்று ஊர்ப்பெயர். அது அனைவருக்கும் பொது. அங்கிருந்து புறப்படும் இளைஞர் தம் தொழிலுக்குத் தேடும் பெயரோ, பிறர் எவருடையதாகவும் இல்லாத புதுப்பெயராக இருக்கட்டும்.